தார் போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்: வளாகப் பாதையைச் சீரமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அடுக்குமாடி வளாகம் சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் உள்பாதையிலும் பார்க்கிங்கிலும் புதிதாகத் தார் போட்டோம். காலையில் டிப்பர் வந்தது, மாலைக்குள் வேலை முடிந்தது. கறுப்பாக, வழவழவென்று பார்க்கவே அழகாக இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் சம்ப் (நிலத்தடித் தொட்டி) தண்ணீர் கலங்கி நாற்றம் அடித்தது. தரைத்தளத்தில் இரண்டு வீடுகளின் வாசற்படி வரை தண்ணீர் ஏறியது. காரணம் ரொம்ப எளிமையானது. முன்பு பாதையைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்த சம்ப் மூடி, இப்போது பாதையோடு சமமாகிவிட்டது. மழைத்தண்ணீர் நேராக உள்ளே போய்விட்டது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு இது புரிந்தது.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை அங்குலம் ஏறும். இரண்டு முறை போட்டால் மூன்று அங்குலம் வரை. வீடு அதே இடத்தில் இருக்கும், தெரு மட்டும் உயர்ந்துகொண்டே போகும். சாலைகளில் இப்படி நடப்பதைத் தடுக்கத்தான், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. மில்லிங் என்று சொல்வது அதைத்தான். அந்த இயந்திரம் உள்ளே வர முடியாத சின்ன வளாகம் என்றால் பிரேக்கர் வைத்து உடைத்து, ஜேசிபியால் வழித்து அள்ளலாம். செலவு கூடும், தூசி பறக்கும். ஆனாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன்பே ஒரு தாளில் நாலு உயரங்களைக் குறித்து வையுங்கள்: சம்ப் மூடி, தரைத்தள வாசற்படி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, வெளித்தெருவின் மட்டம். கொத்தனாரிடம் இருக்கும், மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும், அரை மணி நேர வேலை. புதுப் பாதையின் உச்சி, வாசற்படியையும் சம்ப் மூடியையும் விடக் கீழேயும், வடிகாலை விட மேலேயும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு இடித்தால் முதலில் சம்ப் மூடியைச் சுற்றிக் கட்டை கட்டி உயர்த்துங்கள், தாரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உயரத்துக்கு அடுத்தது வாட்டம். நம் ஊர் மழைக்குத் தார்ப் பரப்பில் நூற்றுக்கு இரண்டரை அளவு சரிவு வேண்டும். அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். கண்ணுக்கு இது அதிகமாகத் தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நல்ல மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துச் சாக்பீஸோடு நடங்கள். தேங்கிய ஒவ்வொரு குட்டையையும் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மழைக்கு இதைச் செய்தால், குழி விழுகிற இடமும் தண்ணீர் நிற்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான் என்று நீங்களே பார்ப்பீர்கள். தாரையும் ஜல்லியையும் பிரித்து எடுப்பது தண்ணீர்தான். சக்கரம் அதை வெளியே தள்ளிவிடும், அவ்வளவே.

விரிசலைப் படிக்காமல் வேலையை முடிவு செய்வது அடுத்த தவறு. நீளமாக ஒற்றைக் கோடு போல ஓடும் விரிசலுக்கு உள்ளே சுத்தம் செய்து தார் ஊற்றி அடைத்தாலே சில வருடம் ஓடும். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்திருந்தால் கோளாறு தாரில் இல்லை, அடியில் இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு நல்ல கலவையைப் போட்டாலும் ஓரிரு மழைக்காலத்தில் அதே முதலைத் தோல் மேலே வந்துவிடும்.

எங்கள் பார்க்கிங்கின் ஒரு மூலை மூன்று முறை ஒட்டுப் போட்டும் உடைந்துகொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது தடவையாகப் பாதையைச் சீரமைத்தபோது, ஒரு வயதான மேஸ்திரி சொன்னதைக் கேட்டு ஓரடிக்கு ஓரடி தோண்டிப் பார்த்தோம். தார் ஒரு அங்குலம்கூட இல்லை. அதன் கீழே ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் உடைசலும் களிமண்ணும். ஒன்றரை அடி போனதும் குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. அது மாசி மாதம், ஒரு துளி மழை கிடையாது. பக்கத்துக் குழாயின் இணைப்பில் கசிவு. எத்தனை வருடமாகக் கசிந்ததோ தெரியாது, மண் கையில் எடுத்தால் பிசைந்த மாவு போல இருந்தது. அந்த இணைப்பை மாற்றி, சேற்றை அள்ளி வெளியே போட்டு, கிராவலும் (சரளை மண்) அதன் மேல் வெட் மிக்ஸும் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி) அடுக்கடுக்காகக் கொட்டி ரோலர் ஓட்டிய பிறகுதான் தார் போட்டோம். அந்த மூலை இன்று வரை உடையவில்லை. மோசமாக இருக்கும் இரண்டு மூன்று இடத்தில் இப்படித் தோண்டிப் பார்க்காமல் யாரிடமும் கோட்டேஷன் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பாதையில் ஓடப்போவது என்ன வண்டி என்பதையும் பலர் யோசிப்பதில்லை. "இங்கே கார்தானே வரும்" என்பார்கள். கோடையில் தண்ணீர் லாரி வராத வளாகம் சென்னையில் எத்தனை இருக்கிறது? 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே பன்னிரண்டு டன். பின் அச்சில் மட்டும் பத்து டன்னுக்கு மேல் இறங்கும். ஒரு சிறிய காரின் அச்சில் முக்கால் டன்கூட வராது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. பத்து மடங்கு சுமை என்றால் பத்தாயிரம் மடங்கு. ஆயிரக்கணக்கான கார்கள் செய்யாத சேதத்தை ஒரே லாரி செய்துவிட்டுப் போகும். அதிலும் லாரி நின்று, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்புகிற இடம்தான் முதலில் பிய்யும். அங்கே தார் வேண்டாம், கான்கிரீட் போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. எண்ணெய் சொட்டுகிற பழைய வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் தார் ஒத்துவராது. டீசலும் ஆயிலும் தாரை இளக்கிவிடும். அங்கே பேவர் பிளாக் நல்லது.

கோட்டேஷன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே வரியில் வருவதை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒருவர் 25 மில்லிமீட்டர் கனத்தை மனதில் வைத்திருப்பார், இன்னொருவர் 40. ரோலர் ஓடிய பிறகு நிற்கும் கனம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொட்டிப் பரப்பும்போது 50 மில்லிமீட்டர் இருப்பது இறுகிய பின் 40-க்கு வந்துவிடும். "ஒன்றரை, ரெண்டு இஞ்ச் போட்டுடலாம் சார்" என்ற வாய்ப்பேச்சில் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

சரிபார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு, இறுகிய பின் 40 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமானால் சுமார் எட்டரை முதல் ஒன்பது டன் கலவை தேவை. 25 மில்லிமீட்டருக்கு ஐந்தரை டன் போதும். ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடை ரசீது வாங்கி வைத்துக்கொண்டால், மாலையில் கூட்டிப் பார்த்தாலே எத்தனை கனம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் தடவை எங்களிடம் ஒரு ரசீதுகூடக் கிடையாது. தார் எந்த ரகம் என்பதையும் கோட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள், நம் வெயிலுக்கு விஜி-30 பரவலாகப் பயன்படுகிறது. கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகே கொடுப்போம் என்பதை முதலிலேயே பேசி, அதையும் எழுத்தில் போடுங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

தார் போடும் நாளில் கமிட்டியில் ஒருவராவது காலையிலிருந்து கூடவே நிற்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது சூடு. விஜி-30 கலவை, அதைத் தயாரிக்கும் பிளாண்ட்டிலிருந்து 150, 160 டிகிரியில் கிளம்பும். தார்ப்பாய் மூடித்தான் வர வேண்டும். பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். குளிர்ந்த கலவை மேல் எத்தனை முறை ரோலர் ஓடினாலும் அது இறுகாது, அடுத்த மாதமே ஜல்லி ஜல்லியாக உதிரும். பிளாண்ட் தூரத்தில் இருந்து, லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று முன்பே கேளுங்கள். மெலிதான பரப்பு வெகு சீக்கிரம் ஆறிவிடும், அதனால் ரோலர் காலையிலேயே வந்து தயாராக நிற்க வேண்டும்.

கலவை கொட்டுவதற்கு முன் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளிப்பார்கள். தூசி மேல் தெளித்தால் அது தூசியோடுதான் ஒட்டும், அதனால் முதலில் கூட்டிப் பெருக்கி ஊதித் தள்ளச் சொல்லுங்கள். தெளித்த உடனே பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாக மாறும். கறுத்த பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். அந்தப் பத்து இருபது நிமிடத்துக்குப் பொறுமையில்லாமல் கொட்டினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பத்தை பத்தையாகப் பெயர்ந்து வரும்.

குழிக்கு ஒட்டு மட்டும் போடுகிறீர்கள் என்றால் குழியின் வடிவத்திலேயே நிரப்ப விடாதீர்கள். கெட்டியான பகுதி வரும் வரை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக நிறுத்தி, அடியிலும் பக்கங்களிலும் எமல்ஷன் தடவி, அடுக்கடுக்காக நிரப்பித் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். மண்வெட்டியால் அள்ளிக் கொட்டி லாரிச் சக்கரத்தால் மிதிக்கவிடுவது வேலையில் சேராது.

காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகு சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். கேமரா வயர், மின்சார கார் சார்ஜருக்கான வயர், புதுக் குடிநீர் இணைப்பு, எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பே தோண்டி முடிக்க வேண்டும். இப்போது தேவையில்லை என்றாலும் பாதையின் குறுக்கே இரண்டு காலிக் குழாய்களைப் புதைத்து வையுங்கள். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணை விடுங்கள்.

பார்க்கிங்கை ஒரே நாளில் மொத்தமாகக் காலி செய்யச் சொன்னால் சண்டைதான் வரும். இரண்டு பாதியாகப் பிரித்து, எந்தத் தேதியில் எந்தப் பக்கம் என்று ஒரு வாரம் முன்னாலேயே லிஃப்ட் வாசலில் ஒட்டிவிடுங்கள். உடம்புக்கு முடியாத பெரியவர்கள் இருக்கும் பிளாக்குக்கு ஆம்புலன்ஸ் வரும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். போட்டு முடித்த பின் ஒரு நாளாவது வண்டி ஏறக் கூடாது, தண்ணீர் லாரியை இன்னும் சில நாள் வாசலிலேயே நிறுத்திக் குழாய் போட்டு நிரப்பச் சொல்லலாம். அப்புறம், சித்திரை வெயிலில் பைக்கின் சைடு ஸ்டாண்டு புதுத் தாரில் அழுந்தி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி போடும். அதில்தான் அடுத்த மழையின் முதல் சொட்டு தேங்கும். எங்கள் காவலாளி உடைந்த டைல்ஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்து, பைக் நிறுத்துகிற ஒவ்வொருவருக்கும் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தார்.