உளவியலாளராகப் பணிக்கு வருபவர்களுக்கு: அறைக்குள்ளும் வெளியிலும் செய்ய வேண்டியவை

எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்தைப் படித்துச் சொல்லும் கூர்மைதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை என்ற எண்ணத்தோடு பலர் உளவியலாளராகப் பணிக்கு வருகிறார்கள். வேலை என்னவோ அதைவிடப் பொறுமை கேட்கும் ஒன்று. கேட்க வேண்டும், கேட்டதை எழுத வேண்டும், மாற்றம் வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும், தன் முடிவை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கையும் விடாமல் செய்பவரிடம்தான் வருகிறவர்கள் குணமடைகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உளவியலாளர்கள் எல்லோரும் சிகிச்சை அளிப்பவர்கள் அல்லர். பள்ளி, நீதிமன்றம், தொழில் நிறுவனம், ஆராய்ச்சிக்கூடம் என்று பல இடங்களில் அவர்களுக்கு வேலை உண்டு. மருத்துவம் படித்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உளவியலாளரின் கருவிகள் பெரும்பாலும் உரையாடல் சிகிச்சையும் உளவியல் சோதனைகளுமே. இந்த வேறுபாட்டைப் பணிக்காலம் முழுவதும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சிகிச்சைப் பணிக்கு வருபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் அமர்வில் வந்தவர் பேசத் தொடங்கும் முன்பே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். அவர் சொல்வது வெளியே போகாது என்பதையும், அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலோ, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தாலோ, நீதிமன்றம் ஆணையிட்டாலோ அந்த வாக்குறுதிக்கு விலக்கு வரக்கூடும் என்பதையும் எளிய சொற்களில் கூறுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால், ஆபத்திலிருக்கும் மூன்றாம் நபரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில் கூறிய பிறகு, இந்தக் கேள்வி பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பாதி மனத்தோடு கையெழுத்திட்டவர், பின்னொரு நாள் ஆபத்தான ஒன்றைச் சொல்லிவிட்டு, நீங்கள் நடவடிக்கை எடுக்கும்போது ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

‘எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டில் போகச் சொன்னார்கள், வந்தேன்’ என்று தொடங்குபவர்கள் நிறையப் பேர். அவருக்குப் பிரச்சினை இருக்கிறது என்று நிறுவ முயலாதீர்கள். நீங்கள் வலியுறுத்த வலியுறுத்த அவர் மறுத்துக்கொண்டே போவார். ‘உங்களிடம் எதைப் பார்த்து அவர்கள் கவலைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பல நேரங்களில் அவர், பிறர் சொல்வதுபோலத் தன் தூக்கமின்மையையும் கோபத்தையும் பற்றிச் சொல்லத் தொடங்குவார். சிறிது நேரத்தில் ‘அவர்கள்’ போய் ‘நான்’ வந்துவிடும். கேள்விக்குப் பின் வரும் மௌனம் புதியவர்களுக்குத் தாங்க முடியாததாகத் தோன்றும். அந்த இடத்தில் இன்னொரு கேள்வியைப் போட்டு நிரப்பிவிடாமல் இருப்பது பயிற்சியால் மட்டுமே வரும்.

அதைவிடக் கடினமானது அறிவுரை சொல்லாமல் இருப்பது. ஊக்கமூட்டும் நேர்காணல் முறையை உருவாக்கிய வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும், பிறரின் தவறைக் கண்டவுடன் திருத்திவிடத் துடிக்கும் இயல்பைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். குடியை விடலாமா வேண்டாமா என்று தடுமாறும் ஒருவரிடம் நீங்கள் விடுவதற்கான காரணங்களை அடுக்கினால், விடாமலிருப்பதற்கான காரணங்களைச் சொல்லும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது. சொல்லச் சொல்ல அவரே அதை நம்பத் தொடங்குகிறார். மாற்றத்துக்கான காரணம் அவர் வாயிலிருந்து வரும்படி கேட்பதே உங்கள் வேலை.

அமர்வு பொதுவாக 45 முதல் 50 நிமிடம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், சில நேரம் கதவருகே நின்றபடி, அன்றைய நாளின் மிக முக்கியமான செய்தியைச் சொல்பவர்கள் உண்டு. ‘இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்துக்காக அமர்வை நீட்டினால், அடுத்தவர் வெளியே காத்திருப்பார் என்பதோடு, முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்ற பழக்கமும் உருவாகிவிடும். அதில் உயிர் ஆபத்து இருக்கிறதா என்று மட்டும் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இருந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இல்லையென்றால், ‘இதைச் சொன்னது நல்லது, அடுத்த முறை இதிலிருந்தே தொடங்குவோம்’ என்று சொல்லி, குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதிவையுங்கள். மறவாமல் அதிலிருந்தே தொடங்கவும் வேண்டும்.

ஆபத்து பற்றிய கேள்வியை நேரடியாகக் கேளுங்கள். தற்கொலை என்ற சொல்லை எடுத்தால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை; கேட்டதும் ஆறுதலடைபவர்களும் உண்டு. எண்ணம் வருகிறதா, எவ்வளவு அடிக்கடி, திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை எது தடுத்து நிறுத்தியது என்று குரலில் பதற்றமில்லாமல் கேட்க வேண்டும். ‘செய்ய மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் அதைவிடப் பயனுள்ளது: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி, ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைத்தல் என்று ஆறு படிகள். அவருடைய சொற்களிலேயே எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை என்று தோன்றினால், ‘போய்ப் பாருங்கள்’ என்று சொல்லி விடாமல், நீங்களே தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி: எழுத்து. அமர்வு முடிந்த பத்து நிமிடத்துக்குள் குறிப்பு எழுதப்பட வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் ஒருவர் சொன்னது இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். ‘மனச்சோர்வுடன் காணப்பட்டார்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த வரி உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. ‘இரண்டு வாரமாகப் பின்னிரவில் மூன்று மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை, வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை, தங்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அழுதார்’ என்று எழுதினால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும். கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கமும் உங்கள் ஊகத்தை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதுங்கள். அவரோ நீதிபதியோ ஒரு நாள் இதைப் படிக்கக்கூடும் என்ற நினைவோடும் எழுதுங்கள்.

நம் மனப்பதிவை மட்டும் நம்பிச் சிகிச்சையை நடத்தக் கூடாது என்பதற்கு 2005-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். சிகிச்சையில் இருந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று அவர்களின் சிகிச்சையாளர்களைக் கேட்டபோது, மூன்று பேரை மட்டுமே அவர்கள் குறிப்பிட்டார்கள். உண்மையில் 40 பேரின் நிலை மோசமடைந்திருந்தது. அக்கறையில்லாமல் இது நேரவில்லை. நன்மை செய்ய வேண்டும் என்று விரும்புபவரின் கண்ணுக்கு நன்மையே முதலில் படுகிறது. அதனால் அளவுகோல் தேவை. மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் பிஹெச்கியூ-9 படிவத்தில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூர்ந்து விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த எண்ணை வைத்து மட்டும் நோயை உறுதி செய்யக் கூடாது. மொத்தம் 18-லிருந்து 11-ஆகக் குறைந்துவிட்டது என்று மகிழும் முன், சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கும் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். மற்றவை குறைந்து அது மட்டும் ஏறியிருந்தால், அன்றைய அமர்வு முழுவதும் அதற்கே உரியது.

எண்களோடு உறவையும் கவனிக்க வேண்டும். சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. மூன்றாவது மட்டும் நன்றாக இருந்து முதல் இரண்டும் இல்லாமல் போவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. வாராவாரம் இனிமையாகப் பேசிவிட்டுப் போகிறார். எதற்காக வருகிறார் என்று கேட்டால் இருவரும் இரண்டு பதில் சொல்வார்கள். அந்தக் கேள்வியை அவரிடமே, நான்கைந்து அமர்வுகளுக்கு ஒரு முறையாவது, வெளிப்படையாகக் கேளுங்கள்.

உளவியல் சோதனை நடத்தும் பணி என்றால் அதன் பெரும்பகுதி அறிக்கையில் கழியும். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கையைப் படிக்கும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது, அந்தக் குழந்தைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டுமா என்பதுதான். அதைச் சொல்லாத அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. சோதனையன்று குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததா, தூங்கியிருந்ததா என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் அமர்வுகளைக் கேட்டு வழிகாட்டும் மூத்தவரான மேற்பார்வையாளரிடம் போகும்போது நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் அமர்வைப் பற்றிப் பேசத் தோன்றும். பேச வேண்டியது, யாருடைய பெயரைப் பார்த்தாலே உங்களுக்கு அயர்ச்சி வருகிறதோ அவரைப் பற்றி. வருபவரின் ஒப்புதலோடு பதிவு செய்த ஒலிப்பதிவைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது, ஏனெனில் நாம் பேசியதாக நினைவில் இருப்பதும் உண்மையில் பேசியதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வற்றிப்போன உணர்வு, வருபவர்களிடம் விலகல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். முதலாவது எல்லோருக்கும் வந்து போகும். இரண்டாவது வந்துவிட்டால், அதாவது ஒருவர் வரவில்லை என்று செய்தி வரும்போதெல்லாம் நிம்மதி தோன்றினால், அதை அந்த வாரமே மேற்பார்வையாளரிடம் சொல்லி, பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் காது மரத்துப்போனால் பாதிக்கப்படுபவர் எதிரே இருப்பவர்.

ஆகவே, முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு மூன்றையும் கேளுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை அமர்வுகள், குறிப்பும் அறிக்கையும் எழுதும் நேரம் வேலை நேரத்தில் சேருமா, வாரந்தோறும் உட்கார்ந்து பேச மேற்பார்வையாளர் இருக்கிறாரா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதல் ஆண்டில் சேராதீர்கள்.