டிரை ஃபூர்மிந்த் வாங்கியாச்சா? கூட என்ன சாப்பிடலாம்?

ஹங்கேரி ஒயின் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, அரை லிட்டர் பாட்டிலில் தேன் நிறத்தில் இருக்கும் டோக்காய் அசூதான். அது இனிப்பு ஒயின். சாப்பாட்டோடு குடிக்க வேண்டுமென்றால், அதே ஊரில் அதே ஃபூர்மிந்த் திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத, அதாவது 'டிரை' ஒயினை வாங்குங்கள். டோக்காய் இருப்பது நாட்டின் வடகிழக்கில், பொத்ரோக் ஆறு திசா ஆற்றில் கலக்கும் இடத்தில். சுற்றிலும் பழைய எரிமலைக் குன்றுகள். பல நூற்றாண்டுகளாக இனிப்புக்கே பேர்போன அந்த மண்ணில், மாட் கிராமத்தின் இஷ்த்வான் செப்ஷி 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஊராட்யா தோட்டத்துப் பழத்தை வைத்து எடுத்த டிரை ஒயின் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

கடையில் முதலில் லேபிளைப் பாருங்கள். ஃபூர்மிந்த் என்று போட்டிருப்பது மட்டும் போதாது, அது திராட்சையின் பெயர்தான், இனிப்பு பாட்டிலிலும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது 'சாரஸ்' என்ற சொல், ஹங்கேரி மொழியில் டிரை என்று அர்த்தம். எஸ், இசட் என்று தொடங்கி இசட்டில் முடியும், ஆறே எழுத்து. நம் காதுக்குச் சாராயம் மாதிரிக் கேட்கும், அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். முன்னால் 'ஃபேல்' ஒட்டியிருந்தால் பாதி டிரை, லேசாக இனிக்கும். 'ஏடெஷ்' என்றால் முழு இனிப்பு.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றாதீர்கள், கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் படும், பச்சை ஆப்பிள், பேரிக்காய் வாசமெல்லாம் அமுங்கிப் போகும்.

அந்தப் புளிப்புதான் இந்த ஒயினின் உயிர். ஃபூர்மிந்த் தாமதமாகப் பழுத்தாலும் புளிப்பை விடாத திராட்சை, அதனால் கூடச் சாப்பிடுவதில் கொழுப்பு இருக்க வேண்டும். பொரித்த மீனில் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையைக் கிளாஸில் இருக்கும் ஒயின் செய்யும்.

என் கணக்கில் இதற்குச் சரியான ஜோடி பாப்ரிகாஷ் சிர்கே, அதாவது பாப்ரிகா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி போட்ட கோழிக் குழம்பு. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பன்றிக் கொழுப்பில் சிறு தீயில் கண்ணாடி போல வதக்கி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பாப்ரிகா பொடியைப் போட வேண்டும், ஏனென்றால் அந்தப் பொடியில் சர்க்கரை இருக்கிறது, சூட்டில் சில விநாடியிலேயே கருகிக் கசந்துவிடும், அந்தக் கசப்பு ஒயினோடு சேரவே சேராது. அப்புறம் கோழி, கொஞ்சம் தண்ணீர், மூடி போட்டு முக்கால் மணி நேரம். கடைசியில் புளித்த கிரீமில் ஒரு ஸ்பூன் மைதாவும் இரண்டு கரண்டி சூடான குழம்பும் கலந்து ஊற்றுங்கள், நேராக ஊற்றினால் திரிந்துவிடும். நொக்கெட்லி என்ற குட்டி மாவு உருண்டைகளோடு ஒரு வாய், அப்புறம் ஒரு மடக்கு. கிரீமின் கனம் நாக்கை விட்டு விலகுவது நன்றாகத் தெரியும். பக்கத்தில் வினிகர் ஊற்றிய வெள்ளரிக்காய் சாலட் வைப்பார்கள். அதைத் தின்ற கையோடு ஒயினைக் குடித்தால் சப்பென்று இருக்கும், நடுவில் ரொட்டி கடித்துக்கொள்ளுங்கள்.

பாலட்டான் ஏரியின் ஃபோகாஷ் மீனை வெண்ணெயில் பொரித்தாலும் அருமை. பன்றி இறைச்சி அடைத்த புளித்த முட்டைக்கோஸ் சுருளுக்கு, ஓக் பீப்பாயில் வைத்த கனமான ஃபூர்மிந்த் வேண்டும், லேசானது தாக்குப்பிடிக்காது. ஹலாஸ்லே மீன் சூப்பில் காரம் ஏறியிருந்தால் டிரை வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். பாதி டிரை எடுங்கள், இல்லையென்றால் உள்ளூர்க்காரர்கள் செய்வது போல ஃப்ரோச்: இரண்டு டெசிலிட்டர் ஒயினுக்கு ஒரு டெசிலிட்டர் சோடா. அதற்கு விலை குறைந்த பாட்டிலே போதும், நல்ல ஃபூர்மிந்தில் சோடா ஊற்றினால் எனக்கு மனசு ஆறாது.

வாத்து ஈரல், நீலப் பூஞ்சைச் சீஸ் இரண்டையும் அசூவுக்கு விட்டுவிடுங்கள். 2013 முதல் அசூவில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தாக வேண்டும், அந்த உப்புக்கு அந்த இனிப்புதான் சரி.

மிச்சமிருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். பாப்ரிகாஷையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள், மறுநாள் சூடாக்கினால் குழம்பு இன்னும் ருசியாக இருக்கும்.