விமான டிக்கெட்டைக் குறைந்த விலையில் எடுப்பது எப்படி: தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு கட்டணம் செலுத்தியிருப்பது வழக்கமாக நடப்பதுதான். இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பு இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மிகக் குறைந்த படியில் சில இருக்கைகளே இருக்கும். அவை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி, அதுவும் தீர்ந்ததும் அதற்கு மேல் என்று விலை ஏறிக்கொண்டே போகும். விற்பனை மந்தமாக இருந்தால் மூடிய கீழ்ப்படியை நிறுவனமே மீண்டும் திறப்பதும் உண்டு. எந்தத் தேதியில், எந்தத் திசையில், எந்த விமான நிலையத்திலிருந்து கீழ்ப்படி இருக்கைகள் இன்னும் மீதமிருக்கின்றன என்று கண்டறிவதுதான் குறைந்த கட்டணம் தேடுவதன் சாரம்.

இந்தப் படிக் கணக்கு விளங்கிவிட்டால் சில நம்பிக்கைகளை ஒதுக்கிவிடலாம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதற்கும், ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் நம்மைக் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே விலை ஏறினால், அந்தப் படியின் கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள், அல்லது தேடுதளம் அதுவரை பழைய விலையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் முக்கியம்.

குடும்பமாகச் செல்வோர் ஒன்றைத் தவறாமல் செய்து பார்க்க வேண்டும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகள் மட்டுமே இருந்தால், பெரும்பாலான தளங்கள் நால்வருக்கும் மேல்படி விலையையே காட்டும். அதே தேதிக்கு ஒருவருக்கு மட்டும் என்று தேடிப் பாருங்கள். தலைக்கு வரும் விலை குறைந்தால், இரண்டு பேர், மூன்று பேர் என்று கூட்டிக்கொண்டே போய் எந்த எண்ணிக்கையில் விலை தாவுகிறது என்று பார்த்து, இரண்டு முன்பதிவுகளாகப் பிரித்து எடுக்கலாம். குழந்தைகளைப் பெரியவர் ஒருவருடன் ஒரே முன்பதிவில் வைத்துக்கொள்வது அவசியம்.

கூட்டம் போகும் திசைக்கு எதிராகப் பயணம் செய்யுங்கள்

நம் ஊர்த் தடங்களில் கட்டணத்தை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை செய்யும் நம் மக்களின் போக்குவரத்துதான். சுற்றுலாப் பருவத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜனவரி முதல் இரு வாரங்களில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் ஆகிய இடங்களிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் வரும் விமானங்கள் பொங்கலுக்கு ஊர் திரும்புவோரால் நிரம்புகின்றன. பொங்கல் முடிந்த வாரத்தில் அதே கூட்டம் எதிர்த் திசையில் போகிறது. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் இங்கிருந்து புறப்படும் விமானங்களில் அந்த நெருக்கடி இருப்பதில்லை. அவை எப்படியும் அங்கே போய்த்தான் பயணிகளை ஏற்றிவர வேண்டும் என்பதால், போகும் வழியில் மலிவான இருக்கைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

வளைகுடாத் தடங்களில் இதே கதை ஜூன் இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நடக்கிறது. அங்குள்ள பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்பங்கள் ஊருக்கு வருகின்றன. பள்ளி திறப்பதற்கு முன்பு கூட்டமாகத் திரும்புகின்றன. ஆகவே ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சென்னையிலிருந்து துபாய் செல்வது செலவு மிக்கது. அதே வாரத்தில் துபாயிலிருந்து சென்னைக்கு வருவது பெரும்பாலும் மலிவு. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூன் மாதத்திலும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களிலும் வருகிறது. நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் இங்கிருந்து சுற்றுலா செல்வோர் கூட்டம் உண்டு. விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் பிப்ரவரி, மார்ச், ஜூலை பிற்பகுதி, செப்டம்பர் ஆகிய காலங்களை முதலில் தேடிப் பார்ப்பது நல்லது. சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உள்நாட்டிலும் இதுவே முறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாட்களில் சென்னையிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கட்டணம் பல மடங்கு ஏறும்போது, மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் சாதாரண விலையே இருக்கும். ஊரிலுள்ள பெற்றோர் ஓராண்டு சென்னையில் பண்டிகை கொண்டாட இசைந்தால் குடும்பத்தின் மொத்தச் செலவு வெகுவாகக் குறையும். வாரக் கணக்கில் பார்த்தால் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை உயர்ந்தவை. செவ்வாய், புதன், சனி நண்பகல் ஆகியவை தாழ்ந்தவை.

எவ்வளவு முன்னதாக வாங்குவது என்பதற்கு மந்திர எண் எதுவும் கிடையாது. சாதாரண நாட்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதமும், வெளிநாட்டுக்கு இரண்டு முதல் நான்கு மாதமும் முன்னதாகத் தேடத் தொடங்கினால் போதும். பண்டிகை நாட்களுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. விற்பனை திறந்ததும் வாங்கிவிடுங்கள். விமான அட்டவணை உலகெங்கும் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுகிறது. புதிய சேவைகள் பெரும்பாலும் இந்த மாற்றத்தையொட்டியே அறிவிக்கப்படுகின்றன. அறிமுகக் கட்டணமும் அப்போதுதான் கிடைக்கிறது.

தேடும் வரிசை

முதலில் கூகுள் ஃப்ளைட்ஸ் தளத்தைத் திறந்து, புறப்படும் இடத்தில் ஒரே ஊரை மட்டும் இடாமல் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று உங்களால் போய்ச்சேர முடிந்த விமான நிலையங்களை எல்லாம் சேர்த்து இடுங்கள். ஒரே பெட்டியில் ஏழு நிலையங்கள் வரை அது ஏற்றுக்கொள்ளும். தேதிக் கட்டத்தைத் தொட்டதும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே விலை தெரியும். மிகக் குறைந்த விலைகளைப் பச்சை நிறத்தில் காட்டும். இரண்டு மூன்று மாதங்களைப் புரட்டிப் பார்த்தாலே அந்தத் தடத்தின் சாதாரண விலை எது, மலிவு எது என்ற அளவுகோல் மனத்தில் பதிந்துவிடும். இந்த அளவுகோல் இல்லாதவருக்கு ஐம்பது விழுக்காடு தள்ளுபடி என்ற விளம்பரம் உண்மையா பொய்யா என்று சொல்ல வழியில்லை. பிறகு விலைக் கண்காணிப்பை இயக்கிவிட்டால், ஏற்ற இறக்கம் மின்னஞ்சலில் வந்து சேரும். தேதியும் ஊரும் முடிவாகாதவர்கள் ஸ்கைஸ்கேனரில் முழு மாதத்தையும் தேர்ந்தெடுத்து, சேருமிடத்தை எங்கு வேண்டுமானாலும் என்று விட்டுப் பார்க்கலாம்.

போவதற்கும் வருவதற்கும் சேர்த்து ஒருமுறையும், தனித்தனியாக ஒருமுறையும் தேட வேண்டும். ஸ்கூட், ஏர் ஏசியா, இண்டிகோ போன்ற சிக்கன விமானங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனி விலை என்பதால், ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பினால் மிச்சமாகலாம். ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நெடுந்தொலைவுகளில் பெரிய நிறுவனங்களின் இருவழி டிக்கெட்தான் பெரும்பாலும் மலிவு.

விமான நிலையத்தை மாற்றுவதில் நம் மாநிலத்துக்கு நல்ல வசதி இருக்கிறது. நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மதுரையைவிட மிக அருகில். வளைகுடாவுக்கான சேவைகளும் அங்கே மிகுதி. கோவை, பொள்ளாச்சியில் இருப்போர் கொச்சியையும், ஓசூர், தருமபுரியில் இருப்போர் பெங்களூருவையும் பார்க்கலாம். ஆனால் பெங்களூரு விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூரிலிருந்து நகரம் முழுவதையும் கடக்கும் நேரத்தையும் டாக்சிச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம் செல்வோர் பலாலிக்குப் போகும் விமானத்தையும் கொழும்பு விமானத்தையும் ஒப்பிடும்போது, கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியாகச் செல்ல ஆகும் செலவையும் ஒரு பகல் பொழுதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தஞ்சாவூரில் இருப்பவருக்குச் சிங்கப்பூர் டிக்கெட் திருச்சியைவிடச் சென்னையில் 2,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போகவர ரயில் கட்டணம், விமானம் நள்ளிரவில் என்றால் காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடு, திரும்பி வரும்போது விடியும்வரை ரயில் கிடைக்காததால் பிடிக்கும் கார் ஆகியவற்றைச் சேர்த்தால் அந்த 2,000 ரூபாய் கரைந்துவிடும். வித்தியாசம் 6,000 ரூபாய் என்றால் சென்னைக்குப் போவது தகும். அதுவும் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருப்பதால், மின்சார ரயில் ஓடும் நேரத்தில் டாக்சிச் செலவே தேவையில்லை.

திரையில் தெரியும் விலையும் கட்டும் பணமும்

சிக்கன விமானங்களின் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை மட்டுமே அடக்கம் என்பது பன்னாட்டுத் தடங்களில் பொதுவானது. ஏர் ஏசியாவில் கைப்பை வரம்பு 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. சரக்கறையில் போடும் பெட்டிக்குத் தனிக் கட்டணம். அதை டிக்கெட்டுடன் சேர்த்து வாங்கினால் ஒரு விலை, பின்னால் சேர்த்தால் கூடுதல், விமான நிலைய கவுண்டரில் கட்டினால் மிக அதிகம். ஊரிலிருந்து மாவு, ஊறுகாய், பலகாரம் எல்லாம் எடுத்துப் போகிறவர்கள் 20 கிலோ பெட்டியைச் சேர்த்த பிறகு வரும் தொகையைத்தான், பெட்டி அடங்கிய வேறு நிறுவனத்தின் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். வீட்டிலேயே எடை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஊறுகாய் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மேக்மைடிரிப், கிளியர்டிரிப், இக்சிகோ போன்ற தளங்கள் ஒப்பிடுவதற்கு மிகவும் பயன்படுபவை. ஆனால் கடைசித் திரையில் வசதிக் கட்டணம் சேரும். பயணக் காப்பீடும் ரத்துப் பாதுகாப்பும் முன்பே தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்க வேண்டும். வங்கி கார்டுத் தள்ளுபடி அந்தக் கட்டணத்தைத் தாண்டி மிச்சம் தந்தால் அங்கே வாங்கலாம். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்துவிடுவதுதான் என் பரிந்துரை. விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இடையில் யாரும் இல்லாமல் நிறுவனத்திடமே பேசலாம். வெளிநாட்டுத் தளத்தில் அயல் நாணயத்தில் பணம் கட்டினால் பல கார்டுகள் 2 முதல் 3.5 விழுக்காடு வரை மாற்றுக் கட்டணம் பிடிக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மாணவர்களுக்கும் 60 வயது நிறைந்தோருக்கும் இந்திய நிறுவனங்கள் சில தனிச் சலுகை தருகின்றன. தேடும்போதே அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விமான நிலையத்தில் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும்.

இணைப்பு விமானங்களும் பயண முகவரும்

ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற இடங்களுக்கு இரண்டு சிக்கன டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்துக் கோலாலம்பூரில் மாறுவது மலிவாகத் தோன்றும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும். எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பெட்டியை அங்கே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் தேவைப்படலாம். இப்படிச் செல்வதானால் இடையில் ஓர் இரவேனும் விட்டுத் திட்டமிடுங்கள். கொழும்பு, சிங்கப்பூர் வழியாக ஒரே முன்பதிவில் போகும் டிக்கெட்டில் இந்த ஆபத்து இல்லை என்பதால், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். லண்டன் வழியாக மாறுகிறவர்களுக்கு, விலக்கு இல்லாத இந்தியக் கடவுச்சீட்டுக்கு இடைவழி விசா தேவை. அதன் கட்டணமும் டிக்கெட் விலையில் ஒரு பகுதிதான்.

திருச்சி, சென்னை போன்ற ஊர்களிலுள்ள பயண முகவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களில் சிலர் முன்கூட்டியே மொத்தமாக இருக்கைகளை வாங்கி வைத்திருப்பார்கள். பயண நாள் நெருங்கி இணையத்தில் விலை ஏறிய பிறகும் அவர்களிடம் பழைய விலைக்குக் கிடைக்கலாம். பணம் கட்டியதும் பிஎன்ஆர் எண்ணைப் பெற்று, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே இட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவில் முகவரின் கைபேசி எண் மட்டும் இருந்தால், நேரமாற்றச் செய்தி உங்களுக்கு வராது. உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே இட வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து எழுதிய தந்தை பெயர் சிலருக்கு இருக்கும், சிலருக்குக் கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருக்கும். ஒரே பெயர் உள்ளவர்கள் இரண்டு பெட்டிகளிலும் என்ன இட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நிரப்புங்கள். பின்னால் பெயரைத் திருத்த ஆகும் செலவு, தேடிச் சேமித்த பணத்தைவிட அதிகமாகிவிடக்கூடும்.

வாங்கிய பிறகு

டிக்கெட் எடுத்தவுடன் பெயர், தேதி, புறப்படும் நேரம் மூன்றையும் சரிபாருங்கள். நள்ளிரவு 12.30 மணி விமானத்துக்கு முந்தைய நாள் இரவே நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பயண நாளுக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும்போது இந்திய நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணமின்றித் திருப்பித் தரலாம். எழுத்துப் பிழையையும் அந்த நேரத்துக்குள் செலவில்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

பயணமே கைவிடப்பட்டாலும் முழுப் பணமும் போய்விட்டதாக எண்ண வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக விதிகளின்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணம் திரும்பாது என்று குறிப்பிட்டு விற்ற சலுகை டிக்கெட்டானாலும், விமானத்தைத் தவறவிட்டிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் இந்திய நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும். அதற்கென்று தனிக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. மலிவு டிக்கெட்டில் இந்த வரிப் பகுதி சில வேளைகளில் நூற்றுக்கணக்கான ரூபாய், சில வேளைகளில் அதற்கும் மேல். அது தானாக வராவிட்டால், பிஎன்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.