பல்கலைக்கழகம் கால்பந்து அணி தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே கால்பந்து என்று நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. 2009 முதல் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பல பல்கலைக்கழகங்கள் இதற்குப் புதிதாக அணி சேர்த்தன: ஓல்டு டொமினியன், ஜார்ஜியா ஸ்டேட், சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், சார்லட், கென்னசா ஸ்டேட். 2025இல் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் டெக்சஸ் ரியோ கிராண்டே வேலி பல்கலைக்கழகமும் களமிறங்கியது. இவற்றில் பல, மாணவர்கள் காரில் வந்து வகுப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் இடங்கள். வளாகத்துக்கு உயிர் வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் அணி பிறக்கிறது.

நான் முதுகலை படித்த இடமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உணவகத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். திங்கள்கிழமை வரை விடுதியில் இருப்பவர்கள் வெளிநாட்டு மாணவர்களும், ஊருக்குப் போகக் காசில்லாதவர்களும் மட்டுமே. ஆகவே அந்த ஏக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அணி வந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

கணக்கு எளிது. ஓர் அணி சொந்த ஊரில் ஆடுவது ஆண்டுக்கு ஐந்தாறு சனிக்கிழமைகள். மற்ற வார இறுதிகளில் நூலகமும் உணவகமும் பூட்டியே இருந்தால், வளாகம் பழையபடி வெறிச்சோடித்தான் கிடக்கும். ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். சான் அன்டோனியோ அணியின் முதல் ஆட்டம் 2011 செப்டம்பர் 3 அன்று அலமோடோம் ஸ்டேடியத்தில் நடந்தபோது 56,743 பேர் திரண்டார்கள். ஓர் அணியின் முதல் ஆட்டத்துக்கு வியப்பூட்டும் கூட்டம் அது. ஆனால் அலமோடோம் நகரின் நடுவே இருக்கிறது. முதன்மை வளாகமோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஸ்டேடியம் தொலைவில் என்றால் இலவச பஸ்ஸும், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வளாகத்திலேயே ஏதாவது நிகழ்ச்சியும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் தங்கள் காரில் நேரே ஸ்டேடியத்துக்குப் போய், அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது, பேண்டு இசைக்குழுவை மறப்பது. என் அனுபவத்தில் வளாகத்தை மாற்றியது அணியைவிட அதனுடன் வந்த அணிவகுப்பு பேண்டுதான். செவ்வாய், வியாழன் மாலைகளில் காலியான கார் நிறுத்தத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சி செய்வார்கள். டிரம் ஓசை எங்கள் ஆய்வகத்தின் மூன்றாம் மாடி ஜன்னல் வரை வரும். செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி கிளாரினெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்து மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததை ஒரு மாலை பார்த்தேன். ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். விளையாடத் தெரியாதவர்கள், விளையாட விரும்பாதவர்கள் எல்லாருக்கும் வளாகத்தில் தங்க ஒரு காரணம் கிடைத்தது அங்கேதான். பணம் குறையும்போது முதல் வெட்டு பேண்டின் மேல் விழுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இனி பணம். பெரிய அணிகள் தொலைக்காட்சி உரிமையில் கோடிகளைக் குவிப்பதைப் பார்த்து, நமக்கும் லாபம் வரும் என்று கணக்குப் போடுவார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்தட்டில் ஆடும் நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலேயே, விளையாட்டுத் துறையின் வரவு செலவைத் தாண்டுவது பொதுவாக இருபது முப்பது இடங்களில்தான். புதிதாக வருபவர்களுக்குத் துண்டு விழும் தொகையில் பெரும்பகுதி மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. ரசீதில் அது ஒரே ஒரு வரி. கல்விக் கட்டணத் தள்ளுபடி பெற்ற ஆராய்ச்சி மாணவர்கூட இந்த வரியைத் தன் உதவித்தொகையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் முதுகலை படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு, ஆட்டத்தின் விதி தெரிவதற்கு முன்பே இந்தக் கட்டணம் தெரிந்துவிடுகிறது.

கட்டணத்தை மாணவர் வாக்கெடுப்புக்கு விடுவது நல்ல முறை. ரியோ கிராண்டே வேலியில் 2021 நவம்பரில் அப்படிச் செய்தார்கள்; வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆனால் முதல் ஆட்டம் நடந்தது 2025 ஆகஸ்டில். வாக்களித்தபோது முதலாண்டில் இருந்தவர் கூட, நான்கே ஆண்டில் படிப்பை முடித்திருந்தால் அதற்கு முன்பே பட்டம் வாங்கிப் போயிருப்பார். இது எங்கும் வரக்கூடிய சிக்கல்: முடிவெடுப்பது ஒரு தலைமுறை, கட்டுவது அடுத்த தலைமுறை. எனவே குறைந்தது எத்தனை பேர் வாக்களித்தால் முடிவு செல்லும், கட்டணம் எந்த ஆண்டில் தொடங்கும், எந்த உச்சவரம்பைத் தாண்டாது, ஆண்டுதோறும் கணக்கு எங்கே வெளியாகும் ஆகிய நான்கையும் வாக்குச்சீட்டிலேயே அச்சிட வேண்டும். நிர்வாகம் தயங்கினால் மாணவர் பேரவை விடக்கூடாது.

அதே வாக்கெடுப்பில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கால்பந்துடன் சேர்த்தே பெண்கள் நீச்சல் அணிக்கும் பேண்டுக்கும் ஒப்புதல் கேட்டார்கள். கால்பந்து அணி என்றாலே நூறு ஆண்கள். 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும். பெண்கள் அணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வழக்கு வரும். அதைவிட மோசமாக, செலவைக் குறைக்கிறோம் என்று ஆண்களின் மல்யுத்தமோ டென்னிஸோ பலியாகும்.

சிறு கல்லூரிகளின் கதை வேறு. அவற்றில் பல ஆடும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. நூறு பையன்கள் ஆட வந்தால் நூறு பேரின் கட்டணம் வரும் என்பதே அங்கே திட்டம். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் சேர்க்கை கூடினாலும் அது நிலைக்கவில்லை என்று கண்டார்கள். களமிறங்க வாய்ப்பு கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரி தேடுவான். அவனுக்குப் படிப்பில் வழிகாட்ட ஆள் வைக்காமல், பயிற்சியாளரை மட்டும் வைத்தால் எப்படி நிற்பான்?

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்களைப் பொருளாதார அறிஞர்கள் மூவர் ஆராய்ந்தபோது, அணி அதிகம் வென்ற பருவங்களில் ஆண் மாணவர்களின் மதிப்பெண் பெண்களோடு ஒப்பிடுகையில் சரிந்தது. ஆடியவர்களை அல்ல, பார்த்துக் கொண்டாடிய சாதாரண மாணவர்களைப் பற்றிய ஆய்வு அது. ஆகவே சொந்த ஊர் ஆட்டத்துக்கு அடுத்த திங்கள்கிழமை பெரிய தேர்வு வைக்காமல் அட்டவணை போடுவது, பேராசிரியர்கள் கையில் இருக்கும் சின்ன வேலை.

கடைசித் தவறு, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசம்பர் 2 அன்று அணியைக் கலைத்தது. மாணவர்களும் ஊராரும் கொதித்தெழுந்தார்கள், நன்கொடை திரட்டினார்கள். ஆறே மாதத்தில் முடிவு மாறியது. 2017இல் அணி மீண்டும் களமிறங்கியது. சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் நிறுத்தியபோது அது முப்பது ஆண்டுகள் நிலைத்தது. காலியான அந்த ஸ்டேடியத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942இல் முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது. 1969இல் ஆட்டம் அங்கே திரும்பியது. இன்று சிகாகோ ஆடுவது மூன்றாம் பிரிவில், விளையாட்டு உதவித்தொகை இல்லாமல்.