லூபஸ் ஆய்வுக்கு எலி வாங்குவதற்கு முன்

லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்கும் தன்னெதிர்ப்பு இணைப்புத்திசு நோய்களை விலங்குகளில் ஆராயப் புகும் மாணவர்களில் பலர், எந்த எலி சீக்கிரம் கிடைக்குமோ அதை வாங்கிவிட்டு அப்புறம் கேள்வியைத் தேடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கிறது. ‘லூபஸ் எலி’ என்று பொதுவாகப் பேசுகிறோமே தவிர, அந்தப் பெயருக்குள் அடங்கும் ஒவ்வோர் இனமும் வெவ்வேறு காரணத்தால் நோய்ப்படுகிறது.

மூத்தது நியூசிலாந்து எலி. அங்கே வளர்த்த கறுப்பு இனத்துக்குத் தானாகவே இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து சோகை வருவதை 1959-இல் பதிவுசெய்தார்கள். அதை வெள்ளை இனத்தோடு கலந்து பெற்ற முதல் தலைமுறைக் குட்டிகளுக்கு லூபஸை ஒத்த சிறுநீரக நோய் வருவது 1963-இல் தெரிந்தது. பெண் எலிகள் முந்திச் சாகின்றன; ஆண்கள் பல மாதங்கள் கூடுதலாக வாழ்கின்றன. பெண்களையே அதிகம் தாக்கும் மனித லூபஸுக்கு இது நெருக்கம். காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும்: சிறுநீரில் புரதம் தெரியவே ஐந்தாறு மாதம் ஆகும்.

பொறுமை இல்லாதவர்கள் எம்ஆர்எல்/எல்பிஆர் எலிக்குப் போகிறார்கள். நான்கைந்து மாதங்களில் நோய் முற்றிவிடும். ஆனால் அதன் வேகத்துக்குக் காரணம் ஃபாஸ் என்ற ஒரே மரபணுவின் பழுது. வேலை முடிந்த நிணவணுக்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் சாக மறுத்துக் குவிய, கழுத்திலும் அக்குளிலும் நிணநீர்க் கணுக்கள் புடைத்து நிற்கும். மனிதரில் அதே மரபணு பழுதானால் நிணவணுக்கள் பெருகும் வேறொரு நோய் வருகிறது. வழக்கமான லூபஸ் நோயாளிக்கு அந்தப் பழுது இருப்பதில்லை. பிஎக்ஸ்எஸ்பி எலியில் கதை இன்னும் தலைகீழ். நோயெதிர்ப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 மரபணுவின் கூடுதல் பிரதி, ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே ஆண்களுக்குத்தான் நோய் கடுமை. பாலின வேறுபாட்டை ஆராய்கிறேன் என்று இதை எடுப்பவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் இனத்தில் கண்டதை எல்லா இனத்துக்கும் நீட்டுவது அடுத்த பிழை. நோயெதிர்ப்பைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான முதல்வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியை நீக்கினால் நியூசிலாந்துக் கறுப்பு எலிக்கு நோய் தணிகிறது. எம்ஆர்எல்/எல்பிஆர் எலிக்கோ மோசமாகிறது. ஒன்றில் மட்டும் செய்து பார்த்தவர் எந்த முடிவுக்கு வந்திருப்பார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மரபணு நீக்கிய எலிகளில் ஒரு பழைய பொறி உண்டு. 129 இனத்தின் அணுக்களில் மரபணுவை நீக்கி, பி6 இனத்தோடு கலந்து எலியை உருவாக்குவது வெகுநாள் வழக்கம். அந்தக் கலப்பே, எதையும் நீக்காமலேயே, லூபஸில் காண்பதுபோல் உயிரணுவின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தோற்றுவிக்கும் என்று 2004-இல் காட்டினார்கள். நீங்கள் நீக்கிய மரபணு நிரபராதியாக இருக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த, மரபணு நீக்கப்படாத குட்டிகளை ஒப்பீட்டுக்கு வைப்பதற்குச் சோம்பக் கூடாது. பி6-உடனேயே தலைமுறை தலைமுறையாகக் கலந்து 129-இன் பங்கைக் கழுவினாலும் நீக்கிய மரபணுவை ஒட்டிய துண்டு 129-இலிருந்து வந்ததாகவே தங்கும்.

சிறுநீரில் புரதம் இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் பட்டைக்கு வருவோம். எலியின் பிடரியைப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் ஒரு சொட்டு விழும். அதைப் பட்டையில் ஏந்தினால் மஞ்சள் கட்டம் இலேசாகப் பச்சையாகும். ‘ஒன்று பிளஸ்’ என்று குறித்துக்கொண்டு நோய் தொடங்கிவிட்டது என்கிறார்கள். ஆரோக்கியமான சுண்டெலியின் சிறுநீரிலேயே புரதம் உண்டு. மணச் சமிக்ஞைகளைச் சுமக்கும் சிறு புரதங்கள் அவை, ஆண்களிடம் மிக அதிகம். ஆல்புமினைத் தனியாக அளந்து கிரியாட்டினின் அளவால் வகுத்தால் இந்தக் குழப்பம் தீரும். கடைசியில் சிறுநீரகத்தை வெட்டிப் பார்ப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோல் தடித்து இறுகும் ஸ்க்ளீரோடெர்மா நோய்க்கு ப்ளியோமைசின் என்ற மருந்தைத் தோலடியில் சில வாரம் செலுத்தினால் தோல் தடிக்கும். தழும்பு உருவாவதைப் படிக்க அது போதும். மனித நோயின் தொடக்கத்திலேயே தெரியும் இரத்தக்குழாய்ச் சேதத்தை அதில் தேடினால் ஏமாற்றம்தான்.

எனக்கு எரிச்சலூட்டுவது மருந்து கொடுக்கும் நேரம். நோய் தலைகாட்டும் முன்பே ஆறு வார எலிக்கு ஊசி போட்டுவிட்டு ‘குணமாக்கியது’ என்று எழுதுகிறார்கள். மருத்துவரிடம் வரும் நோயாளிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருக்கும். நேரத்தைச் சரியாக வைத்தாலும் உத்தரவாதம் இல்லை என்பது உண்மை. நிணவணுக்கள் தூண்டப்படுவதைத் தடுக்கும் சிடிஎல்ஏ4-ஐஜி என்ற மருந்து, நோய் முற்றிய நியூசிலாந்துக் கலப்பு எலிகளின் ஆயுளைக்கூட நீட்டியது என்று 1994-இல் செய்தி வந்தது. அதே வகை மருந்தான அபாடாசெப்ட் மனிதச் சிறுநீரக லூபஸ் சோதனைகளில் இலக்கை எட்டவில்லை.

பாதுகாப்பையும் எலியை வைத்தே முடிவுசெய்வது ஆபத்து. நிணவணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் சிடி40 லிகாண்ட் என்ற புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதரில் இரத்தம் உறைந்து அடைப்புகள் வர, அவ்வகை ஆன்டிபாடியான ருப்ளிசுமாபின் லூபஸ் சோதனையை நிறுத்தினார்கள். மனிதத் தட்டணுக்களின் மேல் ஆன்டிபாடியின் வாலைப் பற்றும் ஓர் ஏற்பி இருக்கிறது; எலியின் தட்டணுக்களில் அது கிடையாது. பின்னர் அந்த வால் இல்லாமலே வடிவமைத்த டாபிரோலிசுமாப் பெகால் 2024-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் லூபஸ் நோயாளிகளிடம் பலன் காட்டியது.