சொந்தமாகக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் உறுமலும் கரகரப்பும்: காரணத்தைத் தேடும் முறை

சோமனூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் விசைத்தறிக் கூடம் இருப்பதால், டிடிஏ2030 என்ற ஒலிபெருக்கி ஐசியை வைத்து நான் கட்டிய ஆம்ப்ளிஃபயர் உறுமியபோது பழியைத் தறியின் மேல்தான் போட்டேன். தறிகள் நின்றிருந்த ஒரு நாளிலும் அதே உறுமல் கேட்ட பிறகுதான் குற்றம் என் பலகையில் இருப்பது விளங்கியது.

உதிரிகளை மாற்றத் தொடங்கும் முன், உள்ளீட்டு ஒயரைக் கழற்றிவிட்டுப் பலகையின் உள்ளீட்டுப் புள்ளியைச் சிறு கம்பியால் அதன் கிரவுண்டோடு இணைத்துக் கேட்க வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் அது ஒயர், வால்யூம் கண்ட்ரோல் வழியாக நுழைகிறது. ஷீல்டு ஒயரைப் பயன்படுத்துவதும், வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைக் கிரவுண்டில் சேர்ப்பதும் பெரும்பாலும் போதும். நிற்காவிட்டால் பவர் சப்ளையையும் கிரவுண்டு இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின் எஞ்சும் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கம், அதாவது அலைவு, 100 ஹெர்ட்ஸாக இருக்கும். 1 ஆம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய நாலரை வோல்ட் வரை அலைவு நிற்கும். 4700 போட்டால் அது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் குறையும். பிளக்கைப் பிடுங்கி, சேமித்த மின்சாரம் இறங்கிய பிறகு, பிளஸ் மைனஸ் பார்த்து இன்னொரு கெப்பாசிட்டரைப் பக்க இணைப்பாக வைத்து மறுபடி கேளுங்கள். உறுமல் தெளிவாகக் குறைந்தால் பழையது காய்ந்திருக்கலாம், அல்லது அதன் அளவு போதாமல் இருக்கலாம்.

என் பலகையில் கெப்பாசிட்டர்கள் நன்றாகவே இருந்தன. டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையிலிருந்து கெப்பாசிட்டருக்குச் செல்லும் கிரவுண்டுக் கம்பியின் நடுவிலேயே உள்ளீட்டு ஒயரின் ஷீல்டைப் பற்றவைத்திருந்தேன். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியில் பாயும் பெரிய மின்னோட்டம் உண்டாக்கும் சிறு வோல்ட்டேஜ், பாட்டோடு சேர்ந்து பெருகிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர், உள்ளீடு, ஐசி ஆகிய மூன்றின் கிரவுண்டுகளையும் தனித்தனிக் கம்பிகளாகக் கெப்பாசிட்டருக்கு அப்பால் உள்ள ஒரே புள்ளியில் சேர்த்ததும் உறுமல் அடங்கியது. ஒரு மாதம் தறியைத் திட்டியது வீண்.

கரகரப்பு வேறு கதை. சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் குரல் பிளந்தால், அலையின் உச்சி வெட்டுப்படுகிறது என்று பொருள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் பிளஸ், மைனஸ் பக்கம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 15, 16 வோல்ட்தான் கிடைக்கும். வழக்கமான 22 கிலோ ஓம், 680 ஓம் ரெசிஸ்டர்கள் ஏறக்குறைய 33 மடங்கு பெருக்கும். ஆகவே உள்ளீட்டில் அரை வோல்ட் உச்சம் வந்தாலே எல்லை தாண்டிவிடும், கைப்பேசியை முழுச் சத்தத்தில் வைத்தால் அது எளிதில் வரும். 680-ஐ 1 கிலோ ஓமாக மாற்றினால் பெருக்கம் 23 மடங்காகக் குறையும். 16 மடங்குக்குக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் இந்த ஐசி உள்ளீடு இல்லாமலே தானாக அலைவுறத் (ஆசிலேட் ஆக) தொடங்கும். பாட்டே இல்லாதபோது ஹீட் சிங்க் கொதித்தாலும் அந்தச் சந்தேகம் வர வேண்டும்: வெளியீட்டில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் தொடராக இருக்கின்றனவா, சப்ளைக் கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் உள்ளதா என்று பாருங்கள்.

டிரான்சிஸ்டர்களால் கட்டிய பலகை சிறு சத்தத்தில்தான் அதிகம் கரகரத்தால், வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்கான பயாஸ், அதாவது அவற்றை எப்போதும் சற்றே திறந்து வைக்கும் சிறு மின்னோட்டம், குறைவாக இருக்கும்.

பக்கத்துக் கூடத்தில் தறி மோட்டாரைப் போடும்போது கேட்கும் ‘டப்’ மட்டும் எனக்கு எஞ்சியது. ஃபியூஸுக்குப் பின், டிரான்ஸ்ஃபார்மரின் மின்வாரிய முனைகளுக்குக் குறுக்கே, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட எக்ஸ்2 வகை (மின்வாரிய லைனுக்குக் குறுக்கே வைக்கவென்றே செய்யப்படும் பாதுகாப்பு வகை) 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்த பிறகு அது காதை உறுத்தாத அளவுக்குத் தணிந்தது.