வெயிலில் காட்டினால் போய்விடுமா? பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பிரசவம், ஊசி மருந்து இல்லாத பிள்ளை வளர்ப்பு என்று கிளம்பியிருக்கும் இளம் தம்பதிகளைக் கொஞ்ச காலமாக நிறையப் பார்க்கிறேன். நன்றாகப் படித்தவர்கள். மரச்செக்கு எண்ணெய், மாப்பிள்ளைச் சம்பா, மரப்பாச்சி பொம்மை என்று வீடே பார்க்க லட்சணமாக இருக்கும். செய்கிற தவறுகள் மட்டும் நம் பாட்டிமார் செய்து, அடிபட்டு, கைவிட்ட அதே பழைய தவறுகள். கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார்கள் சொன்னதற்கெல்லாம் நாங்கள் தலையாட்டிவிட்டு வருவோம். இப்போது வந்திருக்கும் சின்னப் பெண்களும் அதையேதான் செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பெற்றவர்களும் இதைப் படிக்கலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். ஆனால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

கை கழுவுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். பாட்டி வைத்தியத்துக்கு நான் விரோதியும் இல்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் பிள்ளை பெற்றவளுக்கு நானே செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

சேனை

பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தாய்மாமன் குணம் வர வேண்டுமென்றால் தாய்மாமன் தூக்கிக் கொஞ்சட்டும், அது போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையின் வாய்க்குப் போக வேண்டியது சீம்பால். தேன் ஒரு வயது முடியும் வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து, நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். கொம்புத்தேன், மலைத்தேன், நம்மூர்ச் சுத்தத் தேன் எதற்கும் விதிவிலக்கு இல்லை.

மூக்கில் எண்ணெய்

குளிப்பாட்ட வரும் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, வெந்நீரை அளந்து ஊற்றுகிற அழகை நானும் ரசிப்பவள்தான். கடைசியில் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவதும், தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பதும் இல்லாமல் இருந்தால் எனக்கு அவரோடு சண்டையே இல்லை. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமும். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நேராக நுரையீரலுக்கு இறங்கிவிடும். அப்படி வரும் நிமோனியா சீக்கிரம் ஆறாது.

தொப்புள் கொடி

ஒன்றும் வைக்காதீர்கள்.

"வெயில்ல காட்டுனா போயிரும்"

பச்சைக் குழந்தையின் உடம்பில் மஞ்சள் ஏறும்போது வீட்டில் சொல்லும் பேச்சு. எத்தனை வருடம் ஆனாலும் எனக்குக் கோபம் அடங்காத தவறு இது.

ஒரு வீட்டில் நான்காம் நாள். அவர்களே முடிவெடுத்து வீட்டில் பெற்ற குழந்தை. காலை ஏழு மணி இருக்கும், மொட்டை மாடியில் அப்பா பாயைப் போட்டுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குக் குல்லா, சட்டை, அதற்கு மேல் மஞ்சள் நிறத் துண்டு. முகம் மட்டும் வெளியே. "தினமும் பத்து நிமிஷம் காட்டிட்டுத்தான் இருக்கோம் சிஸ்டர்" என்றார். கீழே வந்ததும் மாமியார், "எம் பிள்ளைங்க மூணும் இப்படித்தான் இருந்துச்சுங்க நர்சம்மா, பத்து நாள்ல தானா தெளிஞ்சிருச்சு" என்றார்.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லித் துண்டை எடுத்தேன். மூக்கு நுனியை விரலால் அழுத்தி விட்டேன். மஞ்சள். நெஞ்சில் அழுத்தினேன், வயிற்றில் அழுத்தினேன், தொடையிலும் மஞ்சள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் லேசாக ஏறியிருந்தது. பால் எப்போது குடித்தது என்று கேட்டதற்கு, "ராத்திரி பூரா தொந்தரவே இல்லாம தூங்குனான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள் அந்தப் பெண். என் வயிறு கலங்கியது அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான். நான்காம் நாள் குழந்தை ராத்திரி முழுக்கப் பால் கேட்காமல் தூங்கினால் அது சமர்த்து இல்லை.

108 வண்டியில் ஏற்றினோம். அம்மாவின் இரத்த வகை ஓ, குழந்தையுடையது பி, அந்தப் பொருத்தமின்மைதான் மஞ்சளை ஏற்றியிருந்தது. நீல விளக்கின் கீழ் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் இதே பேச்சு இன்னும் இரண்டு நாள் ஓடியது. அந்தப் பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. காது கேட்காது, தலை நிற்காது, கையும் காலும் தன் போக்கில் முறுக்கிக்கொள்ளும்.

பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் ஏன் வருகிறது? பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவை சீக்கிரம் உடையவும் செய்யும். உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்தி மலத்தில் தள்ள வேண்டிய கல்லீரலுக்கு இன்னும் வேலை பழகவில்லை. அதனால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் கொஞ்சம் மஞ்சள் தட்டும். நான்கைந்து நாள் வரை ஏறி, இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். மாமியார் சொன்னது பொய்யில்லை, அவர் பிள்ளைகளுக்கு வந்தது இந்த வகை. அளவு மீறி ஏறும்போது பிலிருபின் மூளைக்குள் புகுந்துவிடும். புகுந்து கெடுத்ததைப் பிறகு எந்த வைத்தியமும் திருப்பித் தராது.

வெயில் என்ற யோசனையும் முழுப் பொய் இல்லை. என் எரிச்சலுக்குக் காரணமே அதுதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ ஒழிந்திருக்கும். 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் டாக்டர்கள் சுற்றி வரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சள். அந்த இடத்தை மட்டும் விரிப்பின் மூலை மூடியிருந்திருக்கிறது. அதே மருத்துவமனையில் வெயில் பட்ட இரத்தக் குப்பியிலும் பிலிருபின் அளவு இறங்கியதைக் கவனித்தார்கள். வெளிச்சத்தின் நீலப் பகுதிதான் பிலிருபினைக் குறைக்கிறது என்று தெரிந்து, 1958இல் விளக்கு வைத்தியத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உடம்பு தானே வெளியேற்றக்கூடிய வடிவுக்கு அதை மாற்றுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று ஊர் ஊராக இருக்கும் நீல விளக்குப் பெட்டிக்கு வேர் அங்கேதான்.

செவிலியர் ஒருவர் கண்டுபிடித்தது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த முக்கோணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். துணி மூடிய இடத்தில் வெயில் ஒன்றுமே செய்யவில்லை. குல்லாவும் சட்டையும் துண்டும் போட்டு மாடியில் வைத்த குழந்தைக்கு முகத்தில் மட்டும் வைத்தியம் நடக்கிறது. மஞ்சளை முதலில் பார்க்கிற இடமும் முகம்தான் என்பதால், தெளிந்துவிட்டது என்றும் ஏமாந்துபோவீர்கள். சரி, துணியை எடுத்துவிட்டுக் காட்டலாமா என்றால், காலையில் குளிர்ந்துபோகும், வெயில் ஏறினால் தோல் வெந்து நீர் வற்றும். நீல விளக்கின் கீழ் குழந்தை கண்ணைக் கட்டி, அரைத்துணியோடு, ராப்பகலாகக் கிடக்கும். பால் கொடுக்க மட்டும்தான் எடுப்பார்கள். நடுநடுவே இரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். மாடி வெயிலில் பத்து நிமிடம் அதற்கு எந்த மூலைக்கு?

சேதம் செய்வது வெயில் இல்லை, அந்த நம்பிக்கையில் கழிகிற இரண்டு நாள்.

இதோடு சேர்ந்து வருகிற துணைத் தவறுகள் சில. கீழாநெல்லி: பெரியவர்களுக்கு வரும் காமாலை கல்லீரல் நோய், இது வேறு சங்கதி. பச்சைக் குழந்தையின் வாயில் கீழாநெல்லிச் சாறு விடாதீர்கள். குளுக்கோஸ் தண்ணீர்: வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். பிலிருபின் மலத்தோடுதான் போக வேண்டும். கருப்பாக வரும் காட்டுப்பீ சீக்கிரம் கழிந்து, ஐந்தாம் நாளுக்குள் மலம் மஞ்சளாக மாற வேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை தாய்ப்பால் வேண்டும், தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். குளிப்பாட்டும் மஞ்சள்: பயத்தமாவில் கஸ்தூரி மஞ்சளைக் கலந்து தேய்த்துவிட்டால் எது பூசிய மஞ்சள், எது ஏறிய மஞ்சள் என்று எனக்கே தெரியாது. முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான் செய்த மாதிரி அழுத்திப் பார்க்க நீங்களும் கற்றுக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், குண்டு பல்பின் அடியில் வேண்டாம். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். ஆனால் இந்தச் சோதனை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்காக மட்டும். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுக்க இது உதவாது. மாநிறக் குழந்தைகளிடம் கண் தாராளமாக ஏமாறும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், வயிற்றைத் தாண்டிக் கீழே இறங்கினால், குழந்தை பால் குடிக்கச் சோம்பினால், அன்றைக்கே கிளம்புங்கள். கீச்சுக் குரலில் அழுது முதுகை வில்லாக வளைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 37 வாரம் முடியும் முன் பிறந்திருந்தாலோ, மூத்த குழந்தைக்கு விளக்கு வைத்திருந்தாலோ, லேசான மஞ்சளுக்கே காட்டிவிடுங்கள்.

பாச்சை உருண்டை

பழைய பருத்தி வேட்டியும் நூல் புடவையும் குழந்தைக்கு நல்ல துணிதான். ஆனால் அதை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பீரோவின் அடித்தட்டில் பாச்சை உருண்டைக்கு நடுவே கிடந்ததை அப்படியே சுற்றுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது. அந்த நெடி அவர்களின் சிவப்பணுக்களை மளமளவென்று உடைக்கும், மஞ்சள் ஒரே நாளில் எகிறும். முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் துவைத்து, காயப்போட்டு, மறுபடியும் முகர்ந்து பாருங்கள். வெயிலில் காட்ட வேண்டியது இந்தத் துணியைத்தான்.

கற்பூரம்

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூர எண்ணெய் தடவாதீர்கள். வலிப்பு வரலாம்.

இரத்த வகை தெரியாமல் பிரசவம்

வீட்டில்தான் பெறுவேன் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அம்மாவின் உடம்பு பாசிட்டிவ் இரத்தத்தை எதிரியாகப் பழகிக்கொள்ளும், அடி விழுவது அடுத்த குழந்தைக்கு. முதல் பிரசவம் வீட்டில் சுகமாக நடந்தது என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரத்தப்போக்கு இன்னொன்று. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு பள்ளி ஆசிரியை இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, போனது அம்மா. நஞ்சுக்கொடி விழும் நேரத்தில் கர்ப்பப்பை சுருங்காமல் போனால் இரத்தம் நிற்காது, திடகாத்திரமான பெண்ணும் சில மணி நேரத்தில் போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஆக்ஸிடோசின் போடுவது இதற்காகத்தான். அரை லிட்டர் போனாலே அபாயம் என்பது கணக்கு. துணியில் ஊறிய இரத்தத்தை யாரும் சரியாக மதிப்பிட முடியாது, எப்போதும் குறைத்தே சொல்வார்கள்.

தண்ணீரைக் குறைப்பது

பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வயிறு போடுமாம், புண் ஆறாதாம். பிரசவமான உடம்பில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் இரத்தம் கட்டிக்கொள்ளும். விடாத தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஒருத்தியை அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வெந்நீராகவே கொடுங்கள், சீரகம் போட்டுக் கொடுங்கள், தாகம் தீரக் கொடுங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள்

பதினான்கு நாளுக்குப் பிறகும் மஞ்சள் நின்றால் தாய்ப்பாலால் வருகிற மஞ்சளாக இருக்கலாம், அது தொந்தரவில்லாதது. ஆனால் அதை நீங்களே முடிவு செய்யக் கூடாது. ஆய் என்ன நிறம் என்று பாருங்கள். கடுகு மஞ்சளோ பச்சையோ இருந்தால் பரவாயில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், மூத்திரம் துணியில் அடர் மஞ்சளாகக் கறை படிந்தால், பித்தநாளம் அடைத்திருக்கக்கூடும். அதற்கு அறுவை சிகிச்சைதான், அதையும் அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் கடக்கக் கடக்கக் கல்லீரல் கருகிக்கொண்டே போகும். டாக்டரிடம் போகும்போது அந்த அரைத்துணியை அலசாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.